வாய்க்குள் வைத்த ஜெபம்

நாகசாகி என்றால் நமக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். அணுகுண்டு.

அந்தக் குண்டு விழுவதற்குச் சரியாக 80 வருடங்களுக்கு முன்னால் அதே ஊரில் இன்னொரு சம்பவம் நடந்தது. ரத்தம் இல்லை. சத்தம்கூட இல்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி ஒரு பாதிரியாரின் பக்கத்தில் வந்து, யார் காதிலும் விழாமல் இரண்டு வாக்கியம் பேசினார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருட மௌனம் இருந்தது.

1865, மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நாகசாகியில் ஓரா என்னும் மேட்டில் புத்தம் புதிய மாதா கோயில். வெளிநாட்டு வியாபாரிகளுக்காக பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. வெள்ளைக்காரர்கள் கும்பிட்டுக்கொள்ளலாம், ஜப்பானியர் யாராவது கிறிஸ்தவர் என்று தெரிந்தால் தலை போகும். அதுதான் சட்டம். ஆகவே ஊர்க்காரர்கள் வேடிக்கை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அன்று மதியமும் ஒரு சிறு கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. பதினைந்து பேர் இருக்கலாம். உராகாமி என்ற பக்கத்துக் கிராமத்துக் குடியானவர்கள். பெர்னார் பெத்திஜான் என்கிற பாதிரியார் கதவைத் திறந்துவிட்டு, தான் பாட்டுக்குப் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்தார்.

கூட்டத்தில் இருந்து ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி அவர் அருகே வந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். எங்கள் எல்லோருடைய நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்றார். அடுத்து கேட்டார்: சாந்தா மரியாவின் சொரூபம் எங்கே?

பெத்திஜானுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இந்தத் தேசத்தில் கடைசிக் கிறிஸ்தவரையும் கொன்று முடித்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றுதான் உலகமே நம்பிக்கொண்டிருந்தது. இந்த அம்மாள் எங்கிருந்து வந்தார்?

*

பதில் தெரிய வேண்டுமென்றால் நம்ம ஊர்ப் பக்கம் கொஞ்சம் வந்துவிட்டுப் போகவேண்டும்.

பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் கோவாவுக்கு வந்து இறங்கி, அந்த வருடக் கடைசியில் முத்துக்குளித்துறைக்குப் போனவர். தூத்துக்குடி, மணப்பாடு என்று கடற்கரையோரமாக நடந்தே திரிந்தார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, தானும் மனப்பாடம் செய்து, கையில் மணி ஆட்டிக்கொண்டு தெருவில் போவார். சேர்கிற கூட்டத்துக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். புத்தகம் வேண்டாம். எழுத்து வேண்டாம். வாயும் காதும் போதும்.

அதே சவேரியார்தான் 1549, ஆகஸ்ட் 15-ம் தேதி ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற சேசு சபைப் பாதிரியார்கள் வந்தார்கள். கூடவே போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன. கப்பலில் பட்டு வந்தது, துப்பாக்கி வந்தது. உள்ளூர்ச் சிற்றரசர்களுக்கு மதத்தைவிட சரக்கின் மீது ஆர்வம் இருந்திருக்கலாம். ஆனால் சாதாரண ஜனங்கள் நிஜமாகவே நம்பிச் சேர்ந்தார்கள். 1600-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கலாம் என்று ஒரு கணக்கு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அடி வாங்கியவர்களின் கதையைச் சொல்லும்போது, அவர்கள் பக்கத்து ஆள்கள் அடித்த கதையை மறைப்பது அழகல்ல. ஓமுரா சுமிதாதா என்ற சிற்றரசர் கிறிஸ்தவராக மாறியதும், 1570-களில் அவருடைய எல்லைக்குள் புத்தர் கோயில்களும் ஷின்டோ கோயில்களும் இடிக்கப்பட்டன. 1580-ல் நாகசாகித் துறைமுகத்தையே சேசு சபைக்குத் தூக்கிக் கொடுத்தார் அவர். நம்ம சவேரியாரும் சும்மா இல்லை. கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்த்துகல் ராஜாவுக்கு 1546-ல் கடிதம் எழுதியவர் அவர். மன்றம் 1560-ல் வந்தது. அது கோவாவில் என்ன செய்தது என்பது தனிக் கதை.

ஆக, சரித்திரத்தில் துன்புறுத்துகிறவனின் நாற்காலி யாருக்கும் நிரந்தரமில்லை. மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜப்பானின் பெருந்தலை ஹிதேயோஷிக்கு இந்த விவகாரமெல்லாம் உறுத்தியது. 1587-லேயே பாதிரியார்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். அமல்படுத்துவதில் தீவிரம் காட்டவில்லை. வியாபாரம் கெட்டுவிடுமே! 1596-ல் சான் பெலிபே என்ற ஸ்பெயின் நாட்டுக் கப்பல் ஜப்பான் கரையில் தட்டி நின்றது. பொக்கிஷம் மாதிரி சரக்கு. அதைப் பறிமுதல் செய்தபோது கப்பல் மாலுமி ஒருவர் உலக வரைபடத்தைக் காட்டி, "முதலில் பாதிரியார் வருவார், பின்னால் படை வரும்" என்கிற தோரணையில் உளறியதாகச் சொல்வார்கள். நிஜமா, சரக்கை அமுக்குவதற்குச் சொன்ன சாக்கா? தெளிவில்லை. விளைவு மட்டும் தெளிவு.

1597, பிப்ரவரி 5. நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கியோட்டோ பக்கத்திலிருந்து, இடது காதை அறுத்துவிட்டு, குளிர்காலத்தில் சுமார் ஒரு மாதம் நடத்தியே கூட்டி வந்திருந்தார்கள். இருபது பேர் ஜப்பானியர். மிகச் சிறியவன் 12 வயதுப் பையன். 26 பேரில் ஒருவர் நம்ம தேசத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. அப்பா போர்த்துகீசியர், அம்மா கொங்கணப் பெண். வியாபாரியாக இருந்து பிறகு துறவியானவர். ஜப்பானிய மொழி சரளமாகத் தெரியும் என்பதால் பாதிரியார்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

*

அது வெறும் ஆரம்பம்தான்.

1614-ல் தோகுகாவா அரசு நாடு முழுக்கத் தடை போட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. 1622-ல் நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர் கொல்லப்பட்டார்கள். சிலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள், சிலருக்குத் தலை போனது. 1637-ல் ஷிமபாரா என்ற இடத்தில் வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். அவர்களில் ஏராளமானோர் கிறிஸ்தவர்கள். ஹாரா என்ற பாழடைந்த கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். அடுத்த வருடம் கோட்டை விழுந்தது. பெண்கள், குழந்தைகள் உள்பட உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய முழுசாக அழிக்கப்பட்டார்கள். 37 ஆயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்வது வழக்கம்.

1639-ல் போர்த்துகீசியக் கப்பல்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே மிஞ்சியிருந்த கடைசிப் பாதிரியார் கொனிஷி மான்ஷோ 1644-ல் கொல்லப்பட்டார்.

அதற்குப்பிறகு அரசாங்கம் செய்ததுதான் ரொம்ப நுணுக்கமான வேலை. வாளை விட்டுவிட்டு ரெஜிஸ்டரைக் கையில் எடுத்தது.

முதல் ஏற்பாடு, ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்தர் கோயிலில் பெயரைப் பதிய வேண்டும். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தக் கோயில் கணக்கில் வரவேண்டும். நான் கிறிஸ்தவன் இல்லை என்பதற்கு அந்தப் பதிவுதான் சான்றிதழ்.

இரண்டாவது, விலைப்பட்டியல். ஊர் முச்சந்தியில் மரப்பலகை நட்டு எழுதி வைத்தார்கள். 1682-ம் வருடத்துப் பலகையின் கணக்கு இது. பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளி. சபைச் சகோதரர் என்றால் 300. மதத்தை விட்டுவிட்டுத் திரும்பவும் சேர்ந்தவனுக்கும் அதே 300. சாதாரண கிறிஸ்தவன் என்றால் 100. மனுஷனுக்கு விலை வைப்பதில்கூட என்ன ஒரு ஒழுங்கு பாருங்கள். திரும்பி வந்தவனுக்குக் கூடுதல் விலை! அதிகாரம் யாரைப் பார்த்து அதிகம் பயந்தது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, ஃபூமி-யே. ஏசு அல்லது மாதாவின் உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். வருடம் ஒரு முறை வீட்டில் உள்ள எல்லோரும் வரிசையாக வந்து அதன்மீது காலை வைக்கவேண்டும். கிழவி முதல் கைக்குழந்தை வரை. வைக்கத் தயங்கினால் மாட்டினாய்.

உராகாமி ஜனங்கள் என்ன செய்தார்கள்?

மிதித்தார்கள்.

ஆமாம். வருடம் தவறாமல் போய் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து ஜெபம் சொன்னார்கள். அந்த ஜெபத்துக்குக் கொன்சிரிசான் என்று பெயர். மனசார வருந்துவது என்று அர்த்தம் வரும் போர்த்துகீசிய வார்த்தையின் ஜப்பானிய உருவம். நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் உத்தம மனஸ்தாபம் என்று சொல்கிறார்களே, அதேதான். வழக்கமாகப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற வேண்டும். பாதிரியாரே இல்லாத தேசத்தில் என்ன செய்வது? நேராகக் கடவுளிடமே மனஸ்தாபப்பட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பழைய பாதிரியார்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இரண்டு நூற்றாண்டு.

சாவு வீட்டில் இன்னும் விசேஷம். சட்டப்படி பிக்கு வந்து சூத்திரம் ஓதியாக வேண்டும். அவர் கூடத்தில் ஓதிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் நாலு பேர் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என்ன ஜெபம்? அந்த ஓதலைச் செல்லாமல் ஆக்குவதற்கான ஜெபம்!

சிரிப்பு வருகிறது அல்லவா? கூடவே தொண்டையை அடைக்கவும் செய்கிறது.

*

இந்த ரகசிய ஏற்பாட்டுக்கு ஒரு நிர்வாகமும் இருந்தது. உராகாமியில் மூன்று பொறுப்பாளர்கள். ஒருவர் நாள்காட்டியும் ஜெபமும் தெரிந்தவர். என்றைக்கு ஞாயிறு, என்றைக்குப் பண்டிகை என்று கணக்குப் போடுவது அவர் வேலை. இன்னொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். மூன்றாமவர் தகவல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு பேரன்.

வழிபட என்ன இருந்தது? குழந்தையைக் கையில் ஏந்திய கன்னோன் சிலை. புத்த மதத்தின் கருணைத் தெய்வம். சோதனைக்கு வருகிறவனுக்கு அது கன்னோன். வீட்டுக்காரிக்கு அது மாதா.

ஜெபங்களுக்கு ஓரஷோ என்று பெயர். 'ஓராசியோ' என்ற லத்தீன் வார்த்தை தேய்ந்து ஓரஷோ ஆகிவிட்டது. லத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்த வரிகள். எழுதி வைத்தால் ஆபத்து என்பதால் பெரும்பாலும் வாய்வழிதான். தலைமுறைக்குத் தலைமுறை உச்சரிப்பு மாறி, கடைசியில் சொல்கிறவர்களுக்கே பாதி அர்த்தம் தெரியாது. ஆனாலும் சொன்னார்கள்.

அர்த்தம் தெரியாத ஜெபத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தகவல் கேளுங்கள். இகிட்சுகி என்ற தீவில் இப்படிப்பட்ட ஓரஷோக்களைப் பாட்டாகப் பாடுவார்கள். தட்சுவோ மினாகாவா என்ற இசை ஆய்வாளர் அதில் ஒரு பாட்டின் மூலத்தைத் தேடி ஐரோப்பிய நூலகங்களில் அலைந்தார். கடைசியில் ஸ்பெயினின் மாட்ரிட் நகர நூலகத்தில் 16-ம் நூற்றாண்டுப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் அது கிடைத்தது. ஸ்பெயினிலேயே வழக்கொழிந்துபோன பாட்டு! ஜப்பானின் ஒரு மூலையில் மீனவர்கள் அதை நானூறு வருடங்களுக்கு மேலாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

அதே தீவுக்கு எதிரே நகாயெனோஷிமா என்றொரு பாறைத் திட்டு. 1620-களில் கிறிஸ்தவர்களைக் கொண்டுபோய்க் கொன்ற இடம். அந்தப் பாறை இடுக்கில் கசிகிற நீரை எடுத்து வந்துதான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். கொல்லப்பட்டவர்களை நினைப்பதும் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதும் ஒரே தண்ணீரில்.

இப்போது 1865-க்குத் திரும்புவோம். உராகாமியிலிருந்து வந்தவர்கள் பெத்திஜானிடம் இன்னொன்றும் சொன்னார்கள். இது எங்களுக்குத் துக்க காலம், இன்று 17-ம் நாள் என்றார்கள். அவர்கள் சொன்னது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தை. அந்த வருடம் சாம்பல் புதன் மார்ச் 1-ம் தேதி. மார்ச் 17 என்றால் சரியாகப் பதினேழாவது நாள்.

பாதிரியார் இல்லை. பைபிள் இல்லை. வெளியுலகத் தொடர்பு துளியும் இல்லை. 1634-ம் வருடத்து நாள்காட்டி ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

*

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடலாம். சரித்திரத்தில் அப்படி நடப்பதில்லை.

பாதிரியார் கிடைத்துவிட்ட தைரியத்தில், 1867-ல் உராகாமிக்காரர்கள் இனி எங்கள் சாவுக்குப் பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாங்களே புதைத்தார்கள். கவர்னர் சும்மா இருப்பாரா? ஜூலை மாதம் 68 பேரைப் பிடித்தார்கள். சித்திரவதை தாங்காமல் பெரும்பாலோர் மதத்தை விட்டுவிடுகிறோம் என்று சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அவர்களே அதிகாரியிடம் போய், சொன்னதை வாபஸ் வாங்குகிறோம் என்றார்கள். முந்நூறு வெள்ளி ஆசாமிகள்!

அடுத்த வருடம் தோகுகாவா ஆட்சியே கவிழ்ந்து, மெய்ஜி பேரரசர் வந்தார். புதிய ஜப்பான், நவீன ஜப்பான். ஆனால் முச்சந்தியில் பழைய தடை மட்டும் புதிய பலகையில் எழுதி நடப்பட்டது. உராகாமி கிராமத்தையே காலி செய்தார்கள். 3,394 பேர். நாடெங்கும் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சுவானோ என்ற மலை ஊருக்கு 153 பேர் போனார்கள். அங்கே தாகாகி சென்யெமோன் என்பவரைப் பனி உறைந்த குளத்தில் இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத மூன்றடிக் கூண்டில் சிலரை அடைத்தார்கள். 37 பேர் அந்த ஊரிலேயே செத்தார்கள். எல்லா ஊரிலும் சேர்த்து 600-க்கும் மேல்.

இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. உலகத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். பத்திரிகைகள் எழுதின. 1871 கடைசியில் இவாகுரா என்ற மந்திரி தலைமையில் ஒரு பெரிய தூதுக்குழு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கிளம்பியது. ஒப்பந்தங்களைத் திருத்தவேண்டும், சம மரியாதை வேண்டும் என்பது நோக்கம். போன இடத்தில் எல்லாம் இதே கேள்விதான். உங்கள் ஊரில் கும்பிடுவதற்காக ஜெயிலில் போடுகிறீர்களாமே?

1873, பிப்ரவரி 24. தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். இத்தனையும் அனுபவித்த அவர்கள் அந்த நாடுகடத்தலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தபி'. பயணம். வெறும் பயணம்!

ஜெபம் ஜெயித்ததா, ராஜதந்திர நெருக்குதல் ஜெயித்ததா? நம்பிக்கைக்காரர்கள் முதலாவதைச் சொல்வார்கள். சரித்திர மாணவன் இரண்டாவதைச் சொல்வான். என் கணக்கில் இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம். முகம் தெரியாத ஒருவனுக்காக ஜெபிக்கிறவன் முதலில் அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொண்டவன் என்றைக்காவது கேள்வி கேட்பான். அதிகாரத்துக்கு வேண்டியது மறதி மட்டும்தான். மறக்காதவர்கள் நாலு பேர் இருந்தால் அதற்குச் சங்கடம்.

*

ஊர் திரும்பியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஃபூமி-யே நடந்த ஊர்த்தலைவரின் வீட்டையும் நிலத்தையும் 1880-ல் விலைக்கு வாங்கினார்கள். எந்தத் தரையில் மிதித்தார்களோ அதே தரையில் கோயில். 1895-ல் கட்ட ஆரம்பித்து, காசு சேரச் சேரச் செங்கல் அடுக்கி, 1914-ல் முடித்தார்கள். 1925-ல் இரட்டைக் கோபுரமும் மணிகளும் வந்தன.

1945, ஆகஸ்ட் 9. காலை 11 மணி 2 நிமிஷம். குண்டு வெடித்தது அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில். உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பாதிரியார்களும் வந்திருந்த ஜனங்களும் அங்கேயே முடிந்தார்கள். உராகாமியில் இருந்த சுமார் 12 ஆயிரம் கத்தோலிக்கர்களில் எட்டாயிரத்து ஐந்நூறு பேர் வரை செத்தார்கள். இரண்டரை நூற்றாண்டு அடக்குமுறை செய்ய முடியாததை, கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு தேசத்தின் விமானம் ஒரே நிமிஷத்தில் செய்துவிட்டுப் போனது.

இடிபாடுகளில் ஒரு மணி மட்டும் உடையாமல் கிடைத்தது. 1959-ல் கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு கோபுரத்தில் மணி. இன்னொன்று காலி.

அந்தக் காலி இடத்தைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்குத் தெரியவந்தது. அவருடைய தாத்தா அணுகுண்டுத் திட்டத்தில் டாக்டராக வேலை பார்த்தவர். பேராசிரியர் அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் பணம் திரட்டினார். புது மணி வார்க்கப்பட்டது. 2025, ஆகஸ்ட் 9. காலை 11 மணி 2 நிமிஷம். 80 வருடம் கழித்து உராகாமியின் இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

அந்த ஊரில் ஒரு காலத்தில் முணுமுணுக்கக்கூட பயமாக இருந்தது.